ஏரியில் பாய்விரித்தல்: ஹெப்பகோடிக் கரையிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

'டிங்கி' என்றொரு ஆங்கிலச் சொல் உண்டு. சிறிய படகு என்று பொருள். எந்த ஆங்கில அகராதியைப் புரட்டினாலும் அது இந்தியாவிலிருந்து போன சொல் என்றுதான் போட்டிருக்கும். வங்காளத்து ஆறுகளில் ஓடிய சின்ன ஓடத்துக்கு டிங்கி என்று பெயர். கம்பெனிக் கப்பல்காரர்கள் அந்த ஓடத்தைப் பார்த்தார்கள். பெயரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெரிய கப்பலின் வாலில் கட்டி இழுக்கும் தங்கள் சிறு படகுக்கு அதைச் சூட்டினார்கள். நம் கட்டுமரம் 'கேட்டமரன்' ஆன கதை உங்களுக்குத் தெரிந்ததே. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்று உலகம் கேட்டமரன் என்று சொல்வது இரண்டு உடல் கொண்ட படகு. நம் மீனவர் கட்டுவதோ மரங்களை அணைத்துக் கட்டிய ஒற்றை மிதவை. பெயர் மட்டும் நம்முடையது, பொருள் வேறெங்கோ போய்விட்டது.

இந்த டிங்கி என்பது பொதுவாகப் பத்திலிருந்து பதினைந்து அடி நீளம் இருக்கும். ஒரு பாய்மரம், ஒன்றோ இரண்டோ பாய், பின்னால் ஒரு சுக்கான். நடுவில் ஒரு பலகை. அதைத் தண்ணீருக்குள் இறக்கலாம், ஏற்றலாம். பக்கவாட்டுக் காற்று படகைத் தள்ளிக்கொண்டு போகாமல் பிடித்துக்கொள்வது அந்தப் பலகைதான். இதே வேலையைப் பக்கவாட்டில் இறக்கும் பலகையைக் கொண்டு சோழமண்டலக் கடற்கரை மீனவர்கள் நெடுங்காலமாகச் செய்துவந்திருக்கிறார்கள். சென்னை மாகாண மீன்துறையில் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்ற வெள்ளைக்காரர் நம் படகுகளைப் பற்றி 1920-இல் ஒரு நீண்ட ஆய்வே எழுதினார். பாயை ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான், பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்குத் தாமான், பாய் தொங்கும் கழிக்குப் பருமல் என்றெல்லாம் நம்மவர் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆகவே டிங்கி ஓட்டக் கற்கும் தமிழ்ப் பிள்ளைக்குச் சொற்களைக் கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை எங்கே, ஏரி எங்கே என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

குடும்பத்தோடு படகு விடும் வழக்கம் எப்போது வந்தது?

விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஏரிக்குப் போய், கூடாரம் போட்டு, தாங்களே பாய்விரித்து ஓட்டுவது இங்கிலாந்தில் நடுத்தர மக்களின் வழக்கம். அதற்கு ஒரு கதைப்புத்தகம் பெரிய காரணம் என்பார்கள். ஆர்தர் ரான்சம் 1930-இல் எழுதிய 'சுவாலோஸ் அண்ட் அமேசான்ஸ்' என்ற சிறுவர் நாவல் அது. வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் பிள்ளைகள் தாமாகவே படகோட்டித் தீவில் தங்கும் கதை.

ஆனால் கதை படித்தால் மட்டும் படகு வந்துவிடுமா? இரண்டாம் உலகப்போருக்கு முன் படகு என்பது ஆசாரி செய்து தர வேண்டிய பொருள், விலை அதிகம். போருக்குப் பிறகு ஒட்டுப்பலகையும் தண்ணீருக்கு அசையாத பசையும் மலிவாகக் கிடைத்தன. ஜாக் ஹோல்ட் என்ற படகு வடிவமைப்பாளர் இதைப் பிடித்துக்கொண்டார். 1956-இல் அவர் வரைந்த 'எண்டர்பிரைஸ்' படகை நியூஸ் கிரானிக்கிள் என்ற செய்தித்தாள் விளம்பரப்படுத்தியது. நீலப்பாய் கட்டிய இரண்டு எண்டர்பிரைஸ் படகுகள் இரவோடிரவாக ஆங்கிலக் கால்வாயைக் கடந்து காட்டின. 1962-இல் அதே ஹோல்ட், பேரி பக்னெல் என்பவரோடு சேர்ந்து டெய்லி மிரர் நாளிதழுக்காக 'மிரர்' படகை வரைந்தார். வெட்டிய பலகைகளைப் பெட்டியில் போட்டு விற்பார்கள். வீட்டுக்காரர் கார் நிறுத்துமிடத்தில் செம்புக் கம்பியால் தைத்து, தையல்மேல் பசையும் நாடாவும் ஒட்டிப் படகாக்கிக்கொள்வார். விலை 63 பவுன் 11 ஷில்லிங். எழுபதாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டுள்ளன. தைத்துக் கட்டும் படகு என்றதும் நமக்குச் சென்னைக் கடற்கரையின் மசூலாப் படகு நினைவுக்கு வரும். அதுவும் ஆணியில்லாமல் கயிற்றால் தைத்ததுதான்.

குழந்தைகளுக்கான 'ஆப்டிமிஸ்ட்' அமெரிக்காவில், ஃபுளோரிடாவில் 1947-இல் பிறந்தது. கிளார்க் மில்ஸ் என்பவர் வரைந்தார். பார்த்தால் மாவு பிசையும் மரத்தொட்டி போல இருக்கும். நீளம் 2.3 மீட்டர், உடலின் எடை 35 கிலோ. பதினைந்து வயது வரை உள்ள பிள்ளைகள் தனியாளாக ஓட்டுவார்கள். உலகத்தில் பாய்ப்படகு ஓட்டுபவர்களில் பலர் இந்தத் தொட்டியில்தான் தொடங்கியிருக்கிறார்கள்.

நம் ஏரி, நம் தெப்பம்

இப்போது நம் பக்கம் வருவோம். தமிழருக்கும் தண்ணீர் விளையாட்டுக்கும் சம்பந்தமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வையையில் புதுவெள்ளம் வந்ததும் மதுரை மக்கள் குடும்பம் குடும்பமாகப் போய் நீராடியதையும் புணையேறி விளையாடியதையும் பரிபாடல் விரிவாகப் பேசுகிறது. கரிகாலனின் முன்னோன் ஒருவன் கடலில் காற்றைத் தன் வேலைக்காரனாக்கிக் கப்பல் ஓட்டியதை வெண்ணிக் குயத்தியார் புறநானூற்றின் 66-ஆம் பாட்டில் சொல்கிறார். இது பாய்மரத்தின் இலக்கணம் தெரிந்த ஒருவர் சொல்லக்கூடிய சொல்.

ஆனால் இவை ஆறும் கடலும். ஏரி வேறு. ஏரி என்பது நெல்லுக்காக வெட்டியது. அதன் நீர் அளந்து திறக்கப்படும். மடைக்கு முறை உண்டு, முறைக்கு ஆள் உண்டு. அதில் இறங்கி விளையாடுவது ஊரார் சோற்றில் விளையாடுவது மாதிரி. ஆகவே ஏரியிலும் குளத்திலும் நம்மவர் மிதக்கவிட்டது தங்களை அல்ல, தெய்வத்தை. திருமலை நாயக்கர் 1645-இல் கட்டிய மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தைப்பூசத்தன்று மீனாட்சியும் சொக்கநாதரும் தெப்பத்தில் சுற்றுவார்கள். சனங்கள் கரையில் நின்று வடம் பிடிப்பார்கள். சாமிக்குப் படகு, நமக்குக் கரை. நாலு நூற்றாண்டாக இதுதான் ஏற்பாடு. இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கரையிலேயே நின்று பழகியவர்கள் நாம் என்பதை மறந்துவிடக் கூடாது, பின்னால் வரும் கதைக்கு அது தேவைப்படும்.

பெங்களூரும் இந்த ஏரிப் பண்பாட்டின் ஊர்தான். மடிவாளா சோமேசுவரர் கோயிலில் 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 'வெங்களூர்ப்' பெரிய ஏரியின் கீழ் உள்ள நிலத்தைத் தானமாகக் கொடுத்ததைச் சொல்வது அது. கெம்பே கௌடர் பெங்களூர்க் கோட்டையைக் கட்டுவதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுக்கு முன்னாலேயே வெங்களூர் என்ற பெயரும், அதற்கொரு பெரிய ஏரியும், அதைத் தமிழில் எழுதிவைத்த மக்களும் இங்கே இருந்திருக்கிறார்கள். இதை வைத்து யார் ஊர் என்று சண்டை போடுவது என் நோக்கமல்ல. ஏரியைப் பற்றிய சொற்கள் இரு மொழிக்கும் பொது என்பதே நான் காட்ட வந்தது. நம் தூம்பு கன்னடத்தில் தூபு. நம்மூர் நீர்க்கட்டி இங்கே நீரகண்டி. ஏரி நிறைந்து வழியும் கலிங்கைக் கன்னடத்தில் 'கோடி' என்பார்கள். ஹெப்பகோடி என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் 'பெரிய கலிங்கு' என்றே என் காதில் விழுகிறது. சொல்லாராய்ச்சிக்காரர்கள் இதை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ செய்யட்டும்.

மலைக்கு மேலே வெட்டிய ஏரிகள்

விளையாடுவதற்கென்றே ஏரி வெட்டும் எண்ணம் நம் நாட்டுக்கு வெள்ளைக்காரரோடு வந்தது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் உதகையில் 1823-இல் தொடங்கி ஏரியை உண்டாக்கினார். அவருடைய எண்ணத்தில் பாசனமும் இருந்தது. ஆனால் காலப்போக்கில் அது உல்லாச ஏரியாகவே ஆனது. கொடைக்கானலில் மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு 1863-இல் ஓடையை மறித்து நட்சத்திர வடிவில் ஏரி அமைத்தார். பரப்பு 60 ஏக்கர். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தார் என்பது கொடைக்கானல் வரலாற்றில் எல்லோரும் சொல்லும் செய்தி. மலைப்பாதையே சரியாக இல்லாத காலத்தில் கடற்கரையிலிருந்து ஏழாயிரம் அடி உயரத்துக்கு ஒரு படகைத் தூக்கி வந்த தோள்கள் யாருடையவை என்று மட்டும் எந்த வரலாறும் சொல்வதில்லை. 1890-இல் அங்கே படகுக் குழாம் தொடங்கியது. சுற்றுலா வருபவர்களுக்கு அது திறந்தது 1932-இல். நடுவில் நாற்பத்திரண்டு ஆண்டுகள்.

இன்று கொடைக்கானலுக்குப் போகிற நம் குடும்பங்கள் மிதிபடகில் அரைமணி நேரம் சுற்றிவிட்டு, "போட்டிங் போனோம்" என்று சொல்லிக்கொள்கிறோம். தவறில்லை. ஆனால் மிதிபடகுக்குக் காற்று தேவையில்லை, கற்றுக்கொள்ள எதுவுமில்லை. பாய்ப்படகு அப்படியல்ல. காற்று எந்தப் பக்கம் என்று முகத்தால் அறிய வேண்டும். காற்றுக்கு நேரெதிரே போக முடியாது. ஆகவே இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்து ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாய்க்கழி தலைக்கு மேல் வீசும், குனியாவிட்டால் மண்டையில் போடும். அப்பா சுக்கானைப் பிடித்தால் மகள் தாமானைப் பிடிக்க வேண்டும். இரண்டு பேரும் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்க வேண்டும். எந்தக் குடும்பத்திலும் இது அரைமணி நேரத்துக்கு மேல் நடப்பது அபூர்வம் என்று நீங்கள் சிரிக்கலாம்.

பேத்தமங்கலம்

ஹெப்பகோடியிலிருந்து நாலு மணிநேரத்தில் போய்த் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. கர்நாடகத் தமிழர் வரலாற்றை எழுதுபவர்கள் தங்கவயலைத் தொடாமல் எழுத முடியாது. ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் அங்கே கால் வைத்தது. வட ஆர்க்காடு, சேலம், தருமபுரி, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து ஆயிரமாயிரம் குடும்பங்கள் வந்தன. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்துக்குப் போனது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இதெல்லாம் நம் மலர்களில் பலமுறை எழுதப்பட்டவை.

அதிகம் எழுதப்படாதது பேத்தமங்கலம். பாலாற்றின் மீதுள்ள பெரிய ஏரி அது. கல்வெட்டுகளில் வரும் பழம்பெயர் விஜயாதித்தமங்கலம். சோறு விளைவித்த அந்தப் பழைய ஏரியிலிருந்துதான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்கவயலுக்குக் குடிநீர் எடுத்தார்கள். ஊர் முழுக்க "பேத்தமங்கலத் தண்ணி" என்று பெயர். அதே ஏரிக்கரையில் சுரங்க அதிகாரிகளுக்கு ஒரு படகுக் குழாம் இருந்ததைத் தங்கவயல் பழையவர்கள் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறைகளிலும் துரைகளும் துரைசானிகளும் பிள்ளைகளும் உணவுக்கூடைகளோடு வந்து இறங்குவார்கள். துடுப்புப் படகும் பாய்ப்படகும் விடுவார்கள். இங்கிலாந்து ஏரி மாவட்டத்தின் விடுமுறை அப்படியே பாலாற்றங்கரையில் நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைத் தங்கவயல் லயத்து வாழ்க்கையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பூமிக்குக் கீழே இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், பாறையே சுடும் வெப்பத்தில் நின்றவனுக்கு மேலே வந்ததும் கிடைத்தது தெருக்குழாயில் வரிசை. குடம் வைத்து நின்ற வரிசை. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்ததோ அந்த ஏரியில்தான் பாய் விரிந்தது. தண்ணீர் ஒன்றுதான். ஒருவர் குடும்பத்துக்கு அது விடுமுறை, இன்னொருவர் குடும்பத்துக்கு அது அளந்து பிடித்த குடம். நான் இதை வசையாகச் சொல்லவில்லை. பாய்ப்படகு ஓட்டுவது நமக்கு அந்நியமான பணக்கார விளையாட்டு என்று இன்றும் நம்மில் பலர் நினைக்கிறார்களே, அந்த நினைப்பு வானத்திலிருந்து விழவில்லை, இப்படிப்பட்ட கரைகளில்தான் உருவானது என்கிறேன்.

சென்னையிலும் நிலை இதுவே. அடையாற்றில் துடுப்புப் படகு விட்ட மெட்ராஸ் போட் கிளப் 1867-இல் பிறந்தது. துறைமுகத்தில் பாய்ப்படகு விட, துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911-இல் யாட் கிளப் தொடங்கினார். கொழும்பிலே பேரை வாவியில் 1864 முதலே துடுப்புக் குழாம். தென்னிலங்கையின் பொல்கொட ஏரியில் இன்றும் சிலோன் மோட்டார் யாட் கிளப்பில் எண்டர்பிரைஸ் டிங்கிகள் ஓடுகின்றன. எங்கேயும் தொடக்கம் துரைமார். பிறகு மெல்ல மெல்ல நம்மவர்.

அல்சூரும் 'தம்பி'களும்

இனி பெங்களூர்த் தமிழர் எல்லோருக்கும் பழக்கமான ஏரிக்கு வருவோம். 1950-இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அல்சூர் ஏரியைப் பார்த்தபடி நிற்கிறது. பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்து 2009 ஆகஸ்டு 9-இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும் அதே ஏரியின் அருகில்தான். ஏரியின் பரப்பு 123 ஏக்கருக்குச் சற்று அதிகம். நடுவில் தீவுகள் உண்டு. ஏரியின் இன்னொரு பக்கம் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று நாம் அழைக்கும் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்.

1780-இல் சென்னையில் இரண்டு கம்பெனி 'பயனியர்'களாகத் தொடங்கிய இந்தப் படை 1834-இல் பெங்களூருக்கு வந்தது. சிப்பாய்களுக்குத் 'தம்பி' என்று செல்லப்பெயர். இன்றுவரை படையில் அதுவே வழக்கு. அல்சூரிலும் சிவாஜி நகரிலும் "எங்க தாத்தா சாப்பர்ஸ்ல இருந்தார்" என்று சொல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு. சாப்பருக்குப் படகு விளையாட்டல்ல, தொழில். ஆற்றைக் கடக்க மிதவைப் பாலம் கட்டுவதும், தெப்பம் கட்டி வண்டிகளையும் பீரங்கிகளையும் அக்கரை சேர்ப்பதும் அவர்கள் வேலை. முதல் உலகப்போரில் மெசபடோமியாவிலும் இரண்டாவதில் பர்மாவிலும் இந்தத் தம்பிகள் ஆறுகளோடு மல்லுக்கு நின்றவர்கள். பெங்களூரின் சாங்கி ஏரி கூட 1882-இல் மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த கர்னல் ரிச்சர்டு சாங்கி கட்டியதே.

தொழிலாகத் தொடங்கிய படகு, படைக்குள்ளேயே விளையாட்டாகவும் மாறியது. 1985 செப்டம்பரில் இந்திய ராணுவத்தின் எஞ்சினியர் படைப்பிரிவினர் 'திரிஷ்ணா' என்ற 37 அடிப் பாய்க்கப்பலில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 1987 ஜனவரியில் மும்பை வந்து சேர்ந்தார்கள். இந்தியர் பாய்க்கப்பலில் உலகைச் சுற்றியது அதுவே முதல்முறை. அந்தக் கப்பலின் பெயரைத் தாங்கிய திரிஷ்ணா செய்லிங் கிளப் பெங்களூரில் சாப்பர்ஸ் மையத்தோடு சேர்ந்து இயங்குகிறது. ஆப்டிமிஸ்ட் படகோட்டும் சிறுவர்கள் பலர் அங்கே உருவாகியிருக்கிறார்கள். தமிழ்ச் சங்க மாடியிலிருந்து பார்த்தால் பாய் தெரியும். ஆனால் நம் சங்கங்களின் ஆண்டுவிழா விளையாட்டுப் பட்டியலில் உறியடி உண்டு, சாக்கு ஓட்டம் உண்டு, படகு கிடையாது. கரையில் நின்று பழகியவர்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா?

பாய்ப்படகு நமக்கு வராது என்று இனி யாரும் சொல்ல முடியாது. 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகப் பாய்ப்படகு ஓட்டியவர்கள் நாலு பேர். நேத்ரா குமணன், கே.சி. கணபதி, வருண் தக்கர் மூவரும் சென்னை. விஷ்ணு சரவணன் வேலூர், ராணுவக்காரர். நாலும் தமிழ்நாடு. நேத்ரா ஒலிம்பிக்கில் பாய்ப்படகு ஓட்டத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண். பள்ளி வயதில் ஒரு கோடைக்கால முகாமில் தொடங்கியவர். விஷ்ணு சரவணன் 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கினார். பேத்தமங்கலத்தில் துரைமார் பாய்விரித்த அதே பாலாறுதான் கீழே இறங்கி வேலூரை அடைகிறது. ஆற்றில் மணல்தான் மிச்சம், ஓட்டத் தண்ணீர் கடலில்தான் கிடைத்தது என்பது வேறு விஷயம்.

ஆனால் நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு அதே ஹாங்சோவில் வெள்ளி வாங்கிய நேகா தாக்கூர். மத்தியப் பிரதேசத்துத் தேவாஸைச் சேர்ந்த விவசாயி மகள். கடலே இல்லாத மாநிலம். அவர் கற்றது போபாலின் மேல் ஏரியில். அந்த ஏரி பதினோராம் நூற்றாண்டில் போஜ மன்னன் கட்டியது. ராஜேந்திர சோழன் காலத்து ஏரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 2023-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இயந்திரப் படகுகளை நிறுத்தச் சொன்னது, குடிநீர் ஏரி என்பதால். பாய்க்கு எண்ணெய் தேவையில்லை. ஐதராபாத்தில் 1560-களில் வெட்டிய உசேன் சாகரிலும் ஆண்டுதோறும் தேசிய அளவுப் போட்டி நடக்கிறது. ஆக, பழைய ஏரியில் புதிய பாய் விரிக்கலாம் என்பதற்குச் சாட்சி இருக்கிறது.

ஹெப்பகோடி

கடைசியாக நம் ஏரி. ஓசூர் சாலையில், ஆனேக்கல் தாலுகாவில், பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் நடுவே இருக்கும் ஹெப்பகோடிக்கு வேலை தேடி வந்த தமிழர் எத்தனையோ பேர். 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ திறந்தபின் வந்துபோவது சுலபமாகிவிட்டது. ஆனால் அதே ஊரில் ஓர் ஏரி இருப்பது இங்கே பத்து வருடமாகக் குடியிருப்பவர் பலருக்குத் தெரியாது. நாற்றம் தெரியும், ஏரி தெரியாது என்ற காலமும் இருந்தது.

ஏறத்தாழ 35 ஏக்கர். வயல் போனது, வீடுகளும் பட்டறைகளும் வந்தன, கால்வாயில் மழைநீருக்குப் பதில் கழிவுநீர் வந்தது. 2016-ஐ ஒட்டி பயோகான் அறக்கட்டளை இதைச் சீர்செய்ய இறங்கியது. அவர்கள் செய்த முறை கவனிக்கத்தக்கது. தண்ணீரை இறைத்துக் கொட்டாமல், நொதிகளைக் கலந்தும் மிதக்கும் செடித்தீவுகளை விட்டும் ஏரிக்குள்ளேயே சுத்தம் செய்தார்கள். மிதவையில் நட்ட செடியின் வேர் தண்ணீருக்குள் தொங்கும். வேரைச் சுற்றி நுண்ணுயிர்கள் குடியேறும். கழிவில் உள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் செடி உறிஞ்சிக்கொள்ளும். தெப்பம் என்ற நம் பழைய பொருள் புது வேடத்தில் வந்தது போலத்தான். சாமிக்குப் பதில் செடி.

என் வீட்டுப் பையன் ஒரு நாள் கரையில் நடந்துகொண்டே, "ஏன்ப்பா, இதுல போட் விட முடியாதா?" என்று கேட்டான். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 35 ஏக்கரை வட்டமாக எண்ணினால் குறுக்களவு நானூறு மீட்டருக்குச் சற்று மேல். கொடைக்கானல் ஏரியில் பாதிக்கும் அதிகம். ஆப்டிமிஸ்ட் படகுக்குப் பலகையை முழுக்க இறக்கினாலும் ஒரு மீட்டருக்கும் குறைந்த ஆழம் போதும். கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இடம் தாராளம். காற்றும் இருக்கிறது: சூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்று பலமாக வீசும், மார்கழியில் கீழ்த்திசையிலிருந்து மெல்ல வரும். சுற்றிக் கட்டடங்கள் எழுந்துவிட்டதால் காற்று ஒரே சீராக வராது. திடீரென்று செத்துப்போகும், திடீரென்று அறையும். கற்பவனுக்கு அது நல்லதுதான். ஏரியில் கற்றவன் காற்றின் மாற்றத்தைக் கண்கொட்டாமல் கவனிப்பான்.

தடை எது? தண்ணீர்தான். கற்கும் பிள்ளை கவிழத்தான் செய்யும். கவிழ்ந்த படகின் நடுப்பலகையில் ஏறி நின்று எடையைப் போட்டு நிமிர்த்துவதுதான் முதல் பாடம். அப்போது தண்ணீர் வாய்க்குள் போகாமல் இருக்காது. அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் ஒரே காலையில் மீன்கள் குவியல் குவியலாகச் செத்து மிதந்ததைப் பார்த்தவர்கள் நாம். பெல்லந்தூர் நுரையையும் 2017-இல் அதன்மேல் எரிந்த தீயையும் பார்த்தோம். அந்தத் தண்ணீர்தான் தென்பெண்ணையாக ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு நுரையோடு போகிறது. நம் சொந்தக்காரர்கள்தான் அங்கே அதை வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள். ஆகவே மீன் வாழ்கிற தண்ணீர் வேறு, பிள்ளை விழக்கூடிய தண்ணீர் வேறு. ஹெப்பகோடி ஏரியை முதலாவதற்குக் கொண்டுவந்ததே பெரிய வேலை. இரண்டாவதற்கு ஏரிக்குள் செய்யும் சுத்தம் போதாது. கால்வாய் வாயிலேயே கழிவை மறித்துச் சுத்திகரிக்க வேண்டும்.

பழைய ஏரி எப்படிப் பிழைத்தது என்று யோசித்தால், அதற்கு நீரகண்டி இருந்தான். நீரகண்டிக்கு ஊர் நெல் அளந்தது. மடை அடைத்தால் வயல்காரன் மண்வெட்டியோடு வந்து நின்றான். வயல் போனபின் ஏரிக்கு வந்து நிற்க ஆளில்லை. நடைபாதையில் நடப்பவர் தண்ணீரைத் தொடுவதில்லை. நாற்றம் அடித்தால் வேறு பாதையில் நடப்பார், அவ்வளவுதான். தண்ணீரில் இறங்குபவனுக்குத்தான் தண்ணீரைப் பற்றிய கவலை இருக்கும். கொடைக்கானல் படகுக்காரர்களும், போபாலின் சிறுவர்களும், ஒகேனக்கல்லில் மூங்கில் பின்னிப் பரிசல் விடுபவர்களும் தண்ணீர் நிறம் மாறினால் முதலில் சொல்பவர்கள்.

நம் சங்கத்தின் கோடை முகாமில் அடுத்த ஆண்டு செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. திரிஷ்ணா கிளப்பையோ சென்னையின் பயிற்சி முகாம்களையோ அணுகி, நம் பிள்ளைகளில் பத்துப் பேரை அனுப்பிப் பார்க்கலாம். நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். உயிர்காப்பு அங்கியைக் கழற்றக் கூடாது. பெற்றோர் வேடிக்கை பார்க்க மட்டும் போகாமல் சுக்கான் பிடிக்கவும் கற்றுக்கொண்டு வரட்டும். அதற்குள் ஹெப்பகோடி ஏரியின் தண்ணீரை மாதம் ஒருமுறை பரிசோதித்து, முடிவை ஏரிக்கரைப் பலகையில் கன்னடத்திலும் தமிழிலும் எழுதிவைக்க நகரசபையைக் கேட்கலாம். கேட்பவர்கள் கன்னட நண்பர்களையும் கூட அழைத்துப் போவது நல்லது. அந்தக் கலிங்கு அவர்கள் பாட்டன் கட்டியதும்தான்.